முன்னறையில் துப்பாக்கி விற்கலாமா?

ஏலமலையில் பன்றியைச் சுட உத்தரவு கிடைக்கிறது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும்தான் அலைச்சல். வீட்டிலேயே கடை வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கும் பதில் நீளமானது.

போடிமெட்டு வழியாகக் காலையில் மலையேறும் ஜீப்புகள் பூப்பாறையில் ஆட்களை இறக்கிவிட்டுச் சாந்தன்பாறைப் பக்கம் திரும்புகின்றன. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஏலக்காய் பறிக்க வரும் பெண்கள் பொழுது சாய்வதற்குள் மலையிறங்கிவிட வேண்டும். இருட்டிய பிறகு அந்த வழியை யானைகள் எடுத்துக்கொள்கின்றன, தோட்டத்தைப் பன்றிகள். மரவள்ளியும் சேம்பும் வாழையும் போட்டவர்கள் விடிந்ததும் முதலில் பார்ப்பது, உழுது போட்டது போலக் கிடக்கும் மண்ணைத்தான்.

யானை விஷயத்தில் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு அது. சின்னக்கானல், சாந்தன்பாறைப் பகுதியில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பேர் வாங்கிய அரிக்கொம்பனையே 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுத்தான் பிடித்தார்கள். பெரியாறு காட்டில் விடப்பட்ட அது கம்பம் பக்கம் இறங்கிவர, ஜூன் 5-ஆம் தேதி தமிழக வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. ஆனால் பன்றி வேறு கணக்கு. 2022 மே மாதம் கேரள அமைச்சரவை எடுத்த முடிவின்படி, பஞ்சாயத்துத் தலைவர்களும் நகராட்சித் தலைவர்களும் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களாக ஆக்கப்பட்டார்கள். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அவர்களே உத்தரவு போடலாம். விஷம் வைக்கக் கூடாது, வெடி வைக்கக் கூடாது, மின்சாரம் பாய்ச்சக் கூடாது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கியால், லைசென்ஸ் உள்ளவர்தான் சுட வேண்டும். சுட்டதைப் புதைக்க வேண்டும், சமைக்கக் கூடாது.

உத்தரவு போடுவது எளிது. சுடுவதற்கு ஆள் வேண்டும், துப்பாக்கி வேண்டும், தோட்டா வேண்டும். கேரளத்தின் பல பஞ்சாயத்துகள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டன. லைசென்ஸ் உள்ளவர்களில் பலர் வயதானவர்கள். துப்பாக்கியும் பல வீடுகளில் அப்பா காலத்து இரட்டைக்குழல் 12 போர். தோட்டா வாங்க நகரத்துக்குப் போக வேண்டும். அப்படியென்றால், லைசென்ஸ் பெற்ற ஒரு டீலர் மலையிலேயே, தன் வீட்டு முன்னறையிலேயே கடை வைத்தால் என்ன? உரக்கடையும் மளிகைக் கடையும் அப்படித்தானே நடக்கின்றன?

இந்தக் கேள்வி அபத்தமானதல்ல. அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கு இதுதான் நடைமுறை. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட 1968-இல் அங்கே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்படி மத்திய அரசின் லைசென்ஸ் வாங்கிய டீலர்தான் வியாபாரம் செய்யலாம். லைசென்ஸ் கட்டணமோ ஆண்டுக்கு 10 டாலர். விளைவு, சமையலறை மேசையில் ரசீது எழுதும் வியாபாரிகள் நாடெங்கும் முளைத்தார்கள். 'அடுக்களை மேசை டீலர்' என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் இப்படி எல்லா வகையும் சேர்த்து லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் 2.8 லட்சத்துக்கும் மேல். பெட்ரோல் பங்குகளைவிடத் துப்பாக்கி டீலர்கள் அதிகம் என்று 1992-இல் ஓர் ஆய்வமைப்பு அறிக்கையே வெளியிட்டது. இவர்களில் பலருக்கு விற்பதில் ஆர்வமே இல்லை. லைசென்ஸ் இருந்தால் மொத்த விலைக்கு வாங்கலாம், மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் வரவழைக்கலாம் என்பதுதான் கவர்ச்சி. ஆனால் கடத்தல்காரர்களுக்குச் சரக்கு தரும் வழியாகவும் சிலருடைய சமையலறை ஆகிவிட்டது.

கிளிண்டன் அரசு கதவை முழுக்க மூடவில்லை, வாசலை உயர்த்தியது. 1993-இல் கட்டணம் மூன்றாண்டுக்கு 200 டாலராயிற்று. 1994-இல் கைரேகையும் புகைப்படமும் கட்டாயமாயின. உள்ளூர் நகராட்சி விதிகளுக்கு உட்பட்டுத்தான் கடை நடக்கிறது என்று விண்ணப்பதாரர் உறுதி சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. குடியிருப்புப் பகுதியில் வியாபாரம் கூடாது என்று பல ஊர்களில் விதி உண்டு. அந்த ஒரு நிபந்தனையே பலரை விலக வைத்தது. பத்தாண்டு முடிவதற்குள் லைசென்ஸ்கள் ஏறத்தாழ ஒரு லட்சமாகச் சுருங்கின. இன்றும் அங்கே வீட்டிலிருந்து விற்பவர்கள் உண்டு. ஆனால் வீடே வியாபார இடம் என்று பதிவாகியிருக்க வேண்டும். வேலை நேரம் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அரசு ஆய்வாளர் கதவைத் தட்டினால் திறக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வழக்கமான சோதனை கூடாது என்று 1986-இல் காங்கிரஸ் கொண்டுவந்த சலுகை, டீலர்களுக்குக் கிடைத்த ஆறுதல். பிரிட்டனில் டீலரைப் பதிவு செய்வது போலீஸ். அங்கேயும் வீட்டு முகவரியைக் கொடுக்கலாம். பூட்டும் பாதுகாப்பும் போலீசுக்குத் திருப்தியாக இருக்க வேண்டும், வியாபாரம் நிஜமாக நடக்க வேண்டும்.

இந்தியச் சட்டத்துக்கு வேர் வேறு. 1857-ஐ மறக்காத வெள்ளை அரசு, லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1878-இல் ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தது. துப்பாக்கி வைத்திருப்பது உரிமையல்ல, சலுகை என்பது அதன் அடிப்படை. விடுதலைக்குப் பிறகு 1959-இல் புதுச் சட்டம் நிறைவேறி, 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. விதிகள் 1962-இல் எழுதப்பட்டு, 2016-இல் மாற்றி எழுதப்பட்டன. அடிப்படை மட்டும் பெரிதாக மாறவில்லை.

சட்டத்தின் 5-ஆம் பிரிவு டீலருக்கானது. அதன் நீளத்தைப் பார்த்தாலே அரசின் மனநிலை புரியும். செய்வது, விற்பது, கைமாற்றுவது, உருமாற்றுவது, பழுது பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது, விற்பனைக்கு வைப்பது, விற்பதாகச் சொல்வது என எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் வேண்டும். உடைந்த விசையை ஊர்க் கொல்லரிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்குவது சின்ன வேலையாகத் தோன்றலாம். சட்டத்தின் கண்ணில் அந்தக் கொல்லர் லைசென்ஸ் இல்லாத தொழிலாளி. மலைக்கிராமங்களில் இது எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

டீலரின் லைசென்ஸில் இடம் எழுதப்பட்டிருக்கும். சிக்கலின் மையம் இதுதான். லைசென்ஸ் ஆளுக்கு மட்டும் தரப்படுவதில்லை. ஆளும் இடமும் சேர்ந்துதான் லைசென்ஸ். அந்த இடத்தைத் தவிர வேறு எங்கே வைத்து விற்றாலும் நிபந்தனை மீறல். கடையை அடுத்த தெருவுக்கு மாற்றுவதானாலும் முன் அனுமதி வேண்டும். டவுனில் கடை வைத்திருப்பவர், தெரிந்தவர்தானே என்று இரவு வீட்டுக்கு வந்த வாடிக்கையாளருக்கு நாலு தோட்டா எடுத்துக் கொடுத்தால், லைசென்ஸ் உள்ளவர் லைசென்ஸ் உள்ளவருக்கே விற்றிருந்தாலும் அது குற்றம்.

அப்படியானால் வீட்டையே அந்த இடமாக எழுதிக் கேட்டால்? நடைமுறையில் கேள்வி, வீடா கடையா என்பதில் நிற்பதில்லை. சரக்கை எங்கே பூட்டுவது, தீப்பிடித்தால் என்ன செய்வது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், போலீஸ் அறிக்கை என்ன சொல்கிறது என்று போகிறது. தோட்டாவும் கருமருந்தும் வெடிபொருள் விதிகளுக்கும் உட்பட்டவை. இருப்புக்கு ஒரு ரிஜிஸ்டர், விற்பனைக்கு ஒரு ரிஜிஸ்டர், வாங்கியவரின் லைசென்ஸிலேயே என்ன விற்றோம் எவ்வளவு விற்றோம் என்று எழுதிக் கையெழுத்து என எல்லாம் இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டோ போலீஸ் அதிகாரியோ வந்து கேட்டால் எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகக் கூடாது. குழந்தைகள் ஓடியாடும் முன்னறையில், மாமியாரின் மருந்துப் பெட்டிக்கும் டிவிக்கும் நடுவே, இதெல்லாம் நடக்கும் என்று ஓர் அதிகாரி நம்பிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகு ஏதாவது நடந்தால் கேள்வி அவரை நோக்கி வரும். இந்தியாவில் துப்பாக்கிக் கடை என்றால் கம்பிக் கதவும் இரும்பு அறையுமாகக் கடைவீதியில் இருப்பதன் காரணம், வீடு கூடாது என்று எழுதிய ஒற்றை வரி அல்ல. இந்த நிபந்தனைகளின் மொத்தக் கனம்.

வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டில் துப்பாக்கி இருக்கலாம். தனிநபர் மூன்று வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019 டிசம்பரில் வந்த திருத்தம் இரண்டாக்கியது. மூன்றாவதை ஓராண்டுக்குள் போலீஸ் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைக்க வேண்டியிருந்தது. (டீலர்களுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது.) தன் நேரடிப் பார்வையில் இல்லாதபோது பூட்டி வைக்க வேண்டும் என்பது 2016 விதி. வேண்டாதபோது விற்கவும் செய்யலாம். ஆனால் சொந்தத் துப்பாக்கியை விற்பவர்கூட மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வாங்குபவர் சட்டப்படி வைத்திருக்கத் தகுதியானவரா என்று பார்க்கவும் வேண்டும். பழைய மோட்டார் சைக்கிளைக் கைமாற்றுவது போல வாசலில் வைத்து முடிக்கிற காரியம் அல்ல.

சாந்தன்பாறைக்கு இன்னொரு வேலியும் உண்டு. பக்கத்திலேயே மதிகெட்டான் சோலை. 12.82 சதுர கிலோமீட்டர்தான். 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பெயர்க்காரணம் கேட்டால், உள்ளே போனவர் மதிகெட்டு வழி தெரியாமல் அலைவார் என்பார்கள். துப்பாக்கி லைசென்ஸ் கேட்பவருக்கும் அந்தக் கதி வரலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்வது இது: சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் ஆயுதச் சட்டப்படி புதிய லைசென்ஸ் தருவதானால், தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். தேசியப் பூங்காவுக்கும் இதே பிரிவு பொருந்தும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், அந்தச் சுற்றளவுக்குள் குடியிருப்பவரின் லைசென்ஸைப் புதுப்பித்தாலும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சேர்த்தது. பூங்கா சின்னது, அதைச் சுற்றிய 10 கிலோமீட்டர் சின்னதல்ல. சாந்தன்பாறை கடைத்தெருவும் அதில் அடக்கம். 'புதிய லைசென்ஸ்' என்ற சொல், வைத்திருப்பவருக்கான லைசென்ஸா விற்பவருக்கான லைசென்ஸா என்று பிரிக்கவுமில்லை. ஆக, மலையில் டீலராக நினைப்பவர் கலெக்டரேட்டையும் போலீசையும் தாண்டி வனத்துறையையும் சமாதானம் செய்ய வேண்டும்.

காட்டை ஒட்டிய ஊரில் துப்பாக்கி பெருகினால் சாவது பன்றி மட்டுமாக இராது என்பது அந்தப் பிரிவை எழுதியவர்களின் பயம். நியாயமான பயம்தான். ஆனால் பன்றி அதிகம் வரும் ஊரும் அதேதான். ஒரு சட்டம் பஞ்சாயத்துத் தலைவரிடம் சுடு என்கிறது, இன்னொன்று துப்பாக்கி தராதே என்கிறது என்று தோட்டக்காரர்கள் முணுமுணுத்தால் குறைசொல்ல முடியாது.

சட்டப்படியான துப்பாக்கி எட்டாதபோது என்ன நடக்கிறது என்பதற்கு இந்த மலையோரத்தில் சாட்சிகள் நிறைய. 2020 மே 27-ஆம் தேதி பாலக்காடு மாவட்டத்தில், வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஒன்று ஆற்றில் நின்றபடியே செத்தது. பன்றிக்காக வைத்த வெடி அது. நாடே அழுதது, படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. 2022 மார்ச்சில் இடுக்கி மாவட்டம் மூலமற்றத்தில் தட்டுக்கடைத் தகராறு ஒன்றில் ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி. 2023 ஆகஸ்டில், சாந்தன்பாறை இருக்கும் அதே உடும்பன்சோலை தாலுகாவில், நெடுங்கண்டத்தை அடுத்த மாவடியில், வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர் குண்டு பாய்ந்து இறந்தார். வேட்டைக்காரர்களின் தவறிய குண்டோ என்றுதான் முதலில் பேச்சு. பிறகு மூன்று பேரைப் போலீஸ் கைது செய்தது.

எந்த டீலரின் ரிஜிஸ்டரிலும் வராதவை நாட்டுத் துப்பாக்கிகள். பட்டறையில் குழாயைக் கடைந்து, மரக்கட்டையில் பிடி செதுக்கி, கருமருந்தும் ஈயக்குண்டும் கெட்டித்துச் சுடுவது. வீட்டிலிருந்தே நடக்கும் உண்மையான துப்பாக்கித் தொழில் இதுதான். இதற்கு முகவரியும் இல்லை, வேலை நேரமும் இல்லை. 2019 திருத்தம் 5-ஆம் பிரிவை மீறிச் செய்பவருக்கும் விற்பவருக்கும் குறைந்தபட்சத் தண்டனையை ஏழாண்டாக்கியது, அதிகபட்சம் ஆயுள். லைசென்ஸ் நிபந்தனையை மீறும் டீலருக்கோ 30-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏட்டில் தராசு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு மாதத் தண்டனைக்கு உரியவரை அதிகாரிகள் தேடிப் போக வேண்டியதில்லை. கடைக்கு முகவரி உண்டு, ரிஜிஸ்டர் மேசைமேல் இருக்கும். பட்டறைக்காரரைத் தேடக் காட்டுவழி நடக்க வேண்டும்.

கடைவீதி டீலருக்கும் காலம் நல்லதாக இல்லை. 1980-களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்தியதும், விற்க இருந்தவை அரசுத் தொழிற்சாலைகளின் சரக்கும் மூங்கேர், ஜம்மு போன்ற இடங்களின் தனியார் பட்டறைகள் ஒதுக்கீட்டுக்கு உட்பட்டுச் செய்யும் குழல் துப்பாக்கிகளும்தான். கான்பூரிலிருந்து .32 ரிவால்வர், மேற்கு வங்கத்தின் இச்சாப்பூரிலிருந்து .315 ரைபிள். தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு: 1966-இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியைப் பொதுமக்களுக்கும் செய்தது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது திருச்சி ஆலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியில் சேர்ந்தது. புதிய லைசென்ஸ் குறைவு, ஆகவே புதிய விற்பனையும் குறைவு. பல கடைகளுக்குச் சோறு போடுவது தோட்டாவும், பழுது பார்ப்பும், அடுத்தவர் துப்பாக்கியை வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பதற்கான மாத வாடகையும்தான்.

இந்தப் பத்திரக் காப்பு ஒரு விசித்திர வியாபாரம். லைசென்ஸ் காலாவதியானாலோ, வைத்திருந்தவர் இறந்தாலோ, துப்பாக்கியைத் தேவையற்ற தாமதமின்றி ஒப்படைத்துவிட வேண்டும். போலீஸ் நிலையத்தில் கொடுக்கலாம், டீலரிடமும் கொடுக்கலாம். நிலைய அறையின் ஈரத்தில் குழல் துருப்பிடிக்கும் என்பதால் வசதி உள்ளவர்கள் டீலரிடம் போகிறார்கள். அவர் எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பார். அப்பாவின் துப்பாக்கியை மகன் பெறுவதற்கு 2016 விதிகளில் வழி இருக்கிறது. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு மட்டுமல்ல, அவருக்கு 70 வயது நிறைந்தாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசு விண்ணப்பிக்கலாம். ஆனால் வாரிசுக்கும் போலீஸ் விசாரணை உண்டு, பயிற்சிச் சான்று உண்டு, தேசியத் தகவல் தளத்தில் தனி அடையாள எண் உண்டு. மகன் கொச்சியிலோ துபாயிலோ வேலையில் இருந்தால், துப்பாக்கி டீலரின் இரும்பு அறையிலேயே கிழடாகிறது. மலையில் பன்றி சுட ஆளில்லை என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம்.

பக்கத்துக் குடகைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களும் உண்டு. அங்கே குடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளுக்கு லைசென்ஸே தேவையில்லை. வெள்ளையர் காலத்துச் சலுகை. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. மேற்குத் தொடர்ச்சி மலை ஒன்றுதான், பன்றியும் ஒன்றுதான், வரலாறு வேறு. மலைக்குக் கிழக்கே இறங்கினால் இன்னொரு ஏற்பாடு. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக் கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடலாம். போடிக்காரரின் துப்பாக்கிக்கு அங்கே வேலை கிடையாது. கேரளமோ எதிர்த்திசையில் போகிறது. பன்றியைக் கொல்லத்தக்க விலங்காக அறிவிக்கச் சொல்லி மத்திய அரசைக் கேட்டுச் சலித்து, 2025 அக்டோபரில் சட்டமன்றத்தில் தனித் திருத்த மசோதாவே நிறைவேற்றியது.

அந்த மசோதாவும் டீலரின் முகவரியைத் தொடவில்லை. ஆயுதச் சட்டம் மத்திய அரசுடையது. வீட்டுக் கடை வேண்டாம் என்பதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்க அனுபவமே போதும். ஆனால் தாலுகாவுக்கு ஒரு பாதுகாப்பான இருப்பு அறை, பஞ்சாயத்தின் பட்டியலில் உள்ள சுடுநருக்கு அங்கிருந்தே தோட்டா, திருப்பித் தரும் காலி உறைக்குக் கணக்கு என்ற அளவிலாவது யோசித்தால் முன்னறையின் தேவையே எழாது.

அதுவரை தேர்தல் வேறு வந்துகொண்டிருக்கும். பஞ்சாயத்து, சட்டமன்றம், நாடாளுமன்றம் என ஒன்று மாற்றி ஒன்று. அறிவிப்பு வந்ததும் மாவட்ட அளவிலான குழு லைசென்ஸ்தாரர் பட்டியலைப் பார்த்து, யார் யார் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. அப்படி நோட்டீஸ் வந்த தோட்டக்காரர் பழைய 12 போரைத் துணியில் சுற்றிக்கொண்டு மலையிறங்கி, போலீஸ் நிலையத்திலோ டீலரிடமோ கொடுத்து, ரசீது வாங்கி, இருட்டுவதற்குள் வீடு திரும்புகிறார். முடிவுகள் வரும்வரை தோட்டக் காவலுக்குத் தகர டப்பாவும் தீப்பந்தமும்தான்.